ரோமின் நீர்த் தலைமைப் பதவி

கி.மு. 11இல் ரோம் நகரின் தண்ணீருக்கென்று தனியாக ஒரு பதவி உண்டாயிற்று. லத்தீனில் அதன் பெயர் 'குராட்டோர் அக்வாரும்'. நீரைப் பேணுபவர் என்று பொருள். மலையடி ஊற்றிலிருந்து நகரத்துத் தெருமுனைத் தொட்டி வரை, தண்ணீர் வரும் வழி முழுவதும் அவர் பொறுப்பு. கால்வாயைப் பழுதுபார்ப்பது, யாருக்கு எவ்வளவு நீர் என்று அளந்து விடுவது, களவைத் தடுப்பது, நூற்றுக்கணக்கான பணியாளர்களை வேலை வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். இன்றைய மாநகரக் குடிநீர் வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் செய்வதில் பெரும்பகுதியை அன்று அவர் செய்தார். அந்தப் பதவிக்கு யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள், வந்தபின் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லும் நூல் ஒன்று இன்றும் இருக்கிறது. அதை எழுதியவரும் அந்தப் பதவியில் இருந்தவரே. கி.பி. 97இல் பொறுப்பேற்ற செக்ஸ்டஸ் யூலியஸ் ஃபிரான்டினஸ் என்பது அவர் பெயர்.

பதவிக்கு முந்தைய காலம்

நகரம் தோன்றி 441 ஆண்டுகள் ரோமானியர்கள் டைபர் ஆற்றையும் கிணறுகளையும் ஊற்றுகளையும் நம்பியே வாழ்ந்தார்கள். கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி முதல் கால்வாயை வெட்டினார். சாலை ஒன்றுக்கும் அவர் பெயர்தான். கால்வாய்க்கும் அவர் பெயரே நிலைத்து, 'அப்பியா' என்று வழங்கியது. கி.மு. 272இல் ஆனியோ ஆற்றிலிருந்து இரண்டாவது கால்வாயின் வேலை தொடங்கியது. மன்னன் பிர்ரஸை வென்று கொண்டுவந்த போர்ப் பொருள் அதற்குச் செலவானது.

அக்காலத்தில் தண்ணீருக்கென்று தனி அதிகாரி கிடையாது. மக்கள்தொகைக் கணக்கும் ஒழுக்கக் கண்காணிப்பும் பார்த்த 'சென்சார்' என்ற அதிகாரிகளே கால்வாய்ப் பராமரிப்பையும் குத்தகைக்கு விட்டார்கள். அவர்கள் பதவியில் இல்லாத ஆண்டுகளில் சந்தையும் தெருவும் பார்த்த 'ஈடில்' அதிகாரிகள் கவனித்தார்கள். குத்தகைதாரர் ஊருக்குள்ளும் வெளியிலும் இத்தனை அடிமைத் தொழிலாளர்களை வைத்திருக்க வேண்டும், எந்தப் பகுதிக்கு யார் யார் என்ற பெயர்ப் பட்டியலைப் பொதுப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

தண்ணீர் முழுக்கப் பொதுச்சொத்து. தொட்டி நிரம்பி வழியும் நீர் மட்டுமே தனியாருக்குக் கிடைத்தது. அதையும் குளியல்கூடங்களும் துணி வெளுப்போரும் கட்டணம் கட்டித்தான் பெற்றார்கள். ஆனால் சட்டம் ஒரு பக்கம், நடப்பு வேறு பக்கம். கி.மு. 184இல் சென்சாராக இருந்த கேட்டோ, தனியார் வீடுகளுக்கும் வயல்களுக்கும் திருப்பி விடப்பட்டிருந்த குழாய்களை வெட்டிவிடச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

ஓராண்டுப் பதவிக்காரர்களால் நீண்டநாள் வேலையைப் பார்க்க முடியாது என்பது கி.மு. 144இல் வெளிப்பட்டது. பழைய கால்வாய்கள் இரண்டும் சிதைந்திருந்தன. வழியில் இருந்தவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். இதைச் சீர்செய்யும் பொறுப்பைச் செனட் சபை மார்சியஸ் ரெக்ஸ் என்ற நீதி அதிகாரிக்குக் கொடுத்தது. 18 கோடி செஸ்டர்ஸ் நாணயம் ஒதுக்கப்பட்டது. அவர் பழையவற்றைப் பழுதுபார்த்ததோடு மூன்றாவதாகப் புதிய கால்வாய் ஒன்றையும் தொடங்கினார். வேலை முடியப் பதவிக்காலம் போதாததால் மேலும் ஓராண்டு நீட்டித்தார்கள். அதுதான் 'மார்சியா'. நீளம் சுமார் 91 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நிலத்தடியிலேயே ஓடியது. ரோமுக்கு வந்த நீரில் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பெயர்போனது அதன் நீரே.

அக்ரிப்பாவின் 240 பேர்

பதவிக்கு உண்மையான அடித்தளம் போட்டவர் மார்க்கஸ் அக்ரிப்பா. பேரரசர் அகஸ்டஸின் நெருங்கிய தோழர், படைத்தலைவர். அவர் கி.மு. 37இல் நாட்டின் உச்சப் பதவியான கான்சல் ஆனவர், அதன்பின் கி.மு. 33இல் அதைவிடப் பலபடி கீழான ஈடில் பதவியைத் தாமே விரும்பி ஏற்றார். மேலே போனவர் கீழே இறங்கி வந்தது நகரத்து வேலையைச் செய்யத்தான். பழைய கால்வாய்களைப் புதுப்பித்தார், 'யூலியா' என்ற புதிய கால்வாயைக் கொண்டுவந்தார், பின்னர் கி.மு. 19இல் 'விர்கோ' கால்வாயையும் முடித்தார். அந்த ஈடில் காலத்தில் அவர் 700 தொட்டிகளையும் 500 நீரூற்றுகளையும் 130 பங்கீட்டுத் தொட்டிகளையும் அமைத்ததாக மூத்த பிளினி கணக்குச் சொல்கிறார்.

இந்த வேலைகளுக்காக அக்ரிப்பா 240 அடிமைகள் கொண்ட ஒரு குழுவைத் தம் சொந்தச் செலவில் வைத்திருந்தார். எந்த மதகு எங்கே, எந்தக் குழாய் யாருடையது என்பது அவர்களுக்கு அத்துப்படி. குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் கலைந்துபோன அனுபவம் முதன்முறையாக ஒரே குழுவிடம் தங்கியது. கி.மு. 12இல் அக்ரிப்பா இறந்தபோது அந்தக் குழுவை அகஸ்டஸுக்கு எழுதிவைத்திருந்தார். அகஸ்டஸ் அதை அரசுக்கு ஆக்கினார். தண்ணீர் நிர்வாகத்துக்கு நிலையான பணியாளர் படை அமைந்துவிட்டது. அதற்குத் தலைவர்தான் தேவைப்பட்டார்.

மறு ஆண்டே செனட் தீர்மானங்கள் நிறைவேறின. மெசல்லா கொர்வினஸ் முதல் நீர்த் தலைவரானார். உதவிக்கு இரண்டு செனட்டர்கள். பதவியின் கௌரவத்தைத் தீர்மானமே வரையறுத்தது. வேலையாக ஊருக்கு வெளியே போகும்போது தலைவருக்கு முன்னே கோல் ஏந்திய காவலர் இருவர் செல்ல வேண்டும். மூன்று அரசு அடிமைகள், ஒரு கட்டடக் கலைஞர், எழுத்தர்கள், படியெடுப்போர், கட்டியம் கூறுவோர் உடன் இருப்பார்கள். ஊருக்குள் கோல்காவலர் மட்டும் இல்லை; மற்றவர்கள் உண்டு. எழுதும் தாளும் பலகையும் கருவூலத்தின் செலவு.

பதவியை அடையும் வழி

ரோமில் தேர்தல் பதவிக்குப் போட்டியிடுபவர் சுண்ணம் பூசி வெளுத்த மேலங்கி அணிந்து சந்தை வெளியில் ஆள் ஆளாகப் பார்த்துக் கை கொடுத்து ஆதரவு கேட்பார். வெண்மையைக் குறிக்கும் 'கேண்டிடஸ்' என்ற சொல்லிலிருந்து அவருக்கு 'கேண்டிடாட்டஸ்' என்ற பெயர் வந்தது. இன்று வேலைக்கு விண்ணப்பிப்பவரை 'கேண்டிடேட்' என்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பிடம் அந்த வெள்ளை அங்கிதான். ஆனால் நீர்த் தலைமைக்கு அந்த அங்கி உதவவில்லை. அது தேர்தல் பதவி அன்று. பேரரசர் பெயரைச் சொல்வார். செனட் இசைவு தெரிவிக்கும்.

பேரரசர் காலத்தில் பதவி கேட்கும் முறை கடிதமாக மாறியிருந்தது. இளைய பிளினி தமக்கு ஒரு சமயப் பதவி வேண்டுமென்று பேரரசர் டிராஜனுக்கு நேராகவே எழுதிக் கேட்டார். நண்பர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் அவர் எழுதிய பரிந்துரைகள் பல. அவற்றில் ஒருவரின் குடும்பம், ஒழுக்கம், முன்பு வகித்த பதவிகள், எழுதியவருக்கும் அவருக்குமான நட்பு ஆகியவையே தகுதியாகச் சொல்லப்படும். செய்யப்போகும் வேலையில் அவருக்குப் பயிற்சி உண்டா என்பது அரிதாகவே பேசப்பட்டது. அந்தப் பிளினியே பின்னர் டைபர் ஆற்றுப்படுகை, கரைகள், நகரக் கழிவுநீர்ச் சாக்கடைகள் ஆகியவற்றின் கண்காணிப்பாளராக அமர்ந்தார்.

நீர்த் தலைவராக வந்தவர்களின் பட்டியலை ஃபிரான்டினஸ் ஆண்டு வாரியாகத் தருகிறார். கி.மு. 11 முதல் தமக்கு முன்பு வரை 16 பேர். அதைப் படிக்கும்போது பதவிக்கு எது தகுதியாக இருந்தது என்பது புரியும். கி.பி. 13இல் வந்த அடெயஸ் கேபிட்டோ சட்ட அறிஞர். கி.பி. 24இல் வந்த கொக்செயஸ் நெர்வாவும் சட்ட அறிஞர். பின்னாளில் பேரரசரான நெர்வாவின் பாட்டனார். கி.பி. 49இல் வந்த டொமிஷியஸ் ஆஃபர் பேர்பெற்ற சொற்பொழிவாளர். கி.பி. 63இல் வந்த பெட்ரோனியஸ் டர்ப்பிலியானஸ் பிரிட்டனில் ஆளுநராக இருந்து திரும்பியவர். எழுபதுகளில் அடுத்தடுத்து வந்த பொம்பேயஸ் சில்வானஸும் டாம்பியஸ் ஃபிளாவியானஸும் டான்யூப், அட்ரியாட்டிக் பக்கத்து மாகாணங்களை ஆண்டவர்கள். படை நடத்தியோ வழக்காடியோ மாகாணம் ஆண்டோ மேலே வந்தவர்களுக்கு அந்த உழைப்பின் முடிவில் கிடைத்த பெருமை இது. கால்வாய் வெட்டியோ நீர்மட்டம் பார்த்தோ மேலே வந்தவர் ஒருவரும் பட்டியலில் இல்லை.

பதவிக்காலத்துக்கு வரம்பும் கிடையாது. கி.பி. 38இல் பொறுப்பேற்ற போர்சியஸ் கேட்டோவின் இடத்துக்கு அதே ஆண்டில் வேறொருவர் வந்துவிட்டார். ஃபிரான்டினஸுக்கு நேர் முன்பிருந்த அசிலியஸ் அவியோலா கி.பி. 74 முதல் 97 வரை 23 ஆண்டுகள் இருந்தார்.

தொழில் அறிவு யாரிடம்

தலைவர் இப்படி மேலிருந்து வந்தார் என்றால், வேலை தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பேரரசர் கிளாடியஸ் கி.பி. 52இல் 'கிளாடியா', 'புதிய ஆனியோ' என்ற இரண்டு பெரிய கால்வாய்களை முடித்தார். அவற்றைப் பேண 460 பேர் கொண்ட இரண்டாவது குழுவைச் சேர்த்தார். ஆக மொத்தம் 700 பேர். அவர்களில் மேற்பார்வை மேஸ்திரிகள், பங்கீட்டுத் தொட்டிக் காவலர், கால்வாய் நெடுகச் சுற்றிவருபவர், தளக்கல் பாவுவோர், காரை பூசுவோர் என்று வேலைவாரியாகப் பிரிவுகள் இருந்தன. திடீர்ப் பழுது ஏற்பட்டால் ஓடிவர, நகரின் எல்லாப் பகுதிகளிலும் ஆட்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

பழைய குழுவுக்கான செலவு அரசுக் கருவூலத்திலிருந்து வந்தது. நீர் உரிமைக் கட்டணமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,50,000 செஸ்டர்ஸ் வரவும் இருந்தது. பேரரசர் டொமிஷியன் காலத்தில் அந்த வரவு அவருடைய சொந்தப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. நெர்வா அதை மீண்டும் பொதுக் கணக்கில் சேர்த்தார். கிளாடியஸின் குழுவுக்கும் குழாய்க்கான ஈயத்துக்கும் பேரரசரின் நிதி.

கிளாடியஸ் இன்னொன்றும் செய்தார். தம்முடைய விடுதலை பெற்ற அடிமைகளில் ஒருவரை 'ப்ரோக்குராட்டர்' என்ற செயலாளராக நியமித்தார். அதன்பின் அன்றாட அதிகாரம் அவரிடம் சேர்ந்தது. நீர்மட்டம் பார்க்கும் 'லிப்ராட்டர்' என்ற அளவைக்காரர் அவருக்குத் துணை. இந்தத் திறமை பெரும்பாலும் படையிலிருந்து வந்தது. பின்னாளில் வட ஆப்பிரிக்காவின் சால்டே நகரில், இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயாவில், மலையைக் குடைந்து கால்வாய் கொண்டுவந்தபோது இரு முனையிலிருந்தும் தோண்டியவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமல் விலகிப் போய்விட்டார்கள். தோண்டிய நீளம் மலையின் அகலத்தையே தாண்டியிருந்தது. முதலில் அளவெடுத்துக் கொடுத்திருந்த படை அளவைக்காரர் நோனியஸ் டேட்டஸைத்தான் மறுபடியும் அழைக்க வேண்டியதாயிற்று. வழியில் கொள்ளையரிடம் உடைமை பறிகொடுத்து வந்து சேர்ந்து, பிழையைத் திருத்தித் தண்ணீரைக் கொண்டுவந்த கதையை அவர் கல்வெட்டில் பொறித்து வைத்தார்.

தொழில் தெரியாத தலைமை எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்குப் பிளினியின் கடிதம் ஒன்று சான்று. பித்தினியா மாகாணத்தின் நிக்கொமீடியா நகரத்தார் ஒரு கால்வாய்க்கு 33,18,000 செஸ்டர்ஸ் செலவழித்து, முடிக்காமல் கைவிட்டு இடித்தார்கள். இன்னொன்றுக்கு 2,00,000 கொடுத்து அதையும் விட்டுவிட்டார்கள். அங்கு ஆளுநராக இருந்த பிளினி, நீர்ப்பணி தெரிந்த ஒருவரை அனுப்பிவைக்கும்படி டிராஜனுக்கு எழுத வேண்டியிருந்தது.

ரோம் நகரில் இதே இடைவெளி வேறு வடிவம் எடுத்தது. அங்கே வேலை தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தலைவருக்குத்தான் தெரியவில்லை. கருவூலம் இன்னமும் சம்பளம் தந்துகொண்டிருந்த துணைப் பணியாளர்கள், தலைவர்களின் சோம்பலால் வேலைக்கே வராமல் நின்றுபோயிருந்ததை ஃபிரான்டினஸ் கண்டார்.

ஃபிரான்டினஸ் பொறுப்பேற்றல்

ஃபிரான்டினஸும் தம் முன்னோர்கள் வந்த வழியில் வந்தவரே. கி.பி. 70இல் நகர நீதி அதிகாரி. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கான்சல். பின்னர் பிரிட்டனில் ஆளுநர். இன்றைய வேல்ஸ் பகுதியில் சிலூர் இனத்தாரைப் போரில் அடக்கியவர். போர்த் தந்திரங்கள் பற்றியும் நில அளவை பற்றியும் நூல் எழுதியிருந்தார். பேரரசர் நெர்வா அவரை நீர்த் தலைவராக்கியபோது வயது ஏறக்குறைய அறுபது இருக்கும்.

முன்னோரிடமிருந்து அவரைப் பிரித்துக்காட்டுவது பொறுப்பேற்ற கையோடு அவர் செய்த காரியம். கீழுள்ளவர்கள் சொல்லித்தந்தபடி பதவியை நடத்துவது மதிப்புள்ள மனிதனுக்கு இழுக்கு என்று அவர் கருதினார். உதவியாளர்கள் தேவைதான், ஆனால் அவர்கள் தலைவரின் கையாகவும் கருவியாகவும் இருக்க வேண்டுமே தவிர, தலைவருக்குத் தலையாக இருக்கக் கூடாது. ஆகவே அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டித் தமக்கே பாடநூல் போல ஒன்றை எழுதிக்கொண்டார். பின்னால் வருபவருக்கும் உதவலாம், ஆனாலும் முதல் பயன் எனக்கே என்று முன்னுரையில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

நூல் ஒழுங்காகப் போகிறது: எந்தக் கால்வாயை யார், எப்போது கொண்டுவந்தார், எங்கே தொடங்குகிறது, எத்தனை நீளம் நிலத்தடியில், எத்தனை நீளம் வளைவுகளின் மேல், நகருக்குள் எந்த உயரத்தில் வந்து சேர்கிறது, குழாய்களின் அளவு, பங்கீடு, சட்டங்கள். அவர் காலத்தில் கால்வாய்கள் ஒன்பது. அவற்றுக்கெல்லாம் வரைபடம் தயாரித்தார். எங்கே பள்ளத்தாக்கைக் கடக்கிறது, எங்கே ஆறு, எங்கே மலைச்சரிவில் ஒட்டி ஓடுவதால் அடிக்கடி கவனம் தேவை என்பதெல்லாம் அதில் இருந்தன. இடத்துக்கே போய் நிற்பதுபோல மேசையில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது நோக்கம்.

கணக்கில் வராத தண்ணீர்

ரோமில் தண்ணீரை அளந்தது குழாயின் வாயை வைத்து. 'குவினாரியா' என்ற அளவுக்குழாயின் விட்டம் ஒன்றேகால் விரற்கடை. அதன் மடங்குகளாக 25 அளவுகள் வரையறுக்கப்பட்டிருந்தன. 15 மட்டும் புழக்கத்தில் இருந்தன. தொட்டியில் பொருத்தும் வாய்க்குழல் எளிதில் வளைக்க முடியாத வெண்கலத்தால் ஆனதாக, 12 விரற்கடைக்குக் குறையாத நீளத்தில் இருக்க வேண்டும். அளவைக்காரர் அதில் முத்திரை குத்துவார். அங்கிருந்து 50 அடி தூரம் வரை குழாய் அதே அகலத்தில் போக வேண்டும். அதற்குள் அகலப்படுத்தினால் நீர் கூடுதலாக இழுபடும்.

பேரரசின் ஏடுகளைப் புரட்டிய ஃபிரான்டினஸ் ஒரு வினோதத்தைக் கண்டார். கால்வாய்களில் வரும் நீர் 12,755 குவினாரியா என்று எழுதியிருந்தது. பங்கிட்டுக் கொடுத்ததோ 14,018. வரவைவிடச் செலவு 1,263 அதிகம். இல்லாத நீரை எப்படிக் கொடுப்பது? அவர் ஏட்டை மூடிவிட்டுக் கால்வாய்களின் தலைப்புக்கே ஆளோடு போய் அளந்தார். உண்மையில் வந்துகொண்டிருந்தது ஏட்டில் உள்ளதைவிட ஏறத்தாழ 10,000 குவினாரியா அதிகம். நீர் குறையவில்லை, இடையில் மறைந்துகொண்டிருந்தது.

மறைந்த வழிகளை ஒவ்வொன்றாக அவர் எழுதுகிறார். குழாய்க்காரர்கள் அதிகார அளவுகளில் சிலவற்றை மாற்றியிருந்தார்கள். நீரை வாங்கப் பயன்படும் 100, 120 அளவுக் குழாய்களைப் பெரிதாக்கி, பிரித்துக் கொடுக்கப் பயன்படும் 20 அளவுக் குழாயைச் சிறிதாக்கினார்கள். பெரிய படியால் அளந்து வாங்கிச் சின்ன படியால் அளந்து விற்கும் பழைய வியாபாரம்தான். மிச்சம் அவர்களுடையது. நீர் உரிமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது தொட்டியில் புதுத் துளை போட்டார்கள். பழைய துளையை அடைக்காமல் அதன் நீரை விற்றார்கள். சில வாய்க்குழல்களில் முத்திரையே இல்லை. சில, நிலைக்குக் கீழே தாழ்த்திப் பொருத்தப்பட்டிருந்ததால் அதிக நீர் இழுத்தன.

தெருவின் தளக்கல்லுக்கு அடியில் ஈயக் குழாயில் ஓட்டை போட்டு, வழியிலிருந்த கடைகளுக்கெல்லாம் இணைப்புக் கொடுப்பது தனித் தொழிலாகவே நடந்தது. அதைச் செய்தவருக்கு 'துளைக்காரர்' என்று பட்டப்பெயர்கூட இருந்தது. அந்தக் கள்ளக் குழாய்களைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயமே பெருமளவு. ஊருக்கு வெளியே, கால்வாய் ஓரத்து நிலக்காரர்கள் சுவரை உடைத்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினார்கள். குழுவில் இருந்தவர்களையோ மேஸ்திரிகள் தயவுக்கும் காசுக்கும் தனியார் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதும் அளவை மாற்றும் என்று ஃபிரான்டினஸ் உணர்ந்திருந்தார். வேகமான கால்வாயில் வைத்த குழாய் கூடுதல் நீர் இழுக்கும் என்று எழுதவும் செய்கிறார். ஆனால் வேகத்தைக் கணக்கில் சேர்க்கும் முறை அன்று கிடையாது. ஆகவே அவருடைய எண்களை இன்றைய லிட்டரில் உறுதியாக மாற்ற முடிவதில்லை.

சட்டமும் வேலைமுறையும்

களவுக்கு எதிரான சட்டங்கள் முன்பே இருந்தன. கி.மு. 11இன் தீர்மானப்படி ஊற்று, வளைவு, சுவர் ஆகியவற்றின் இருபுறமும் 15 அடி வெற்றிடம் விட வேண்டும். நகருக்குள்ளும் நிலத்தடிக் கால்வாய்களுக்கும் 5 அடி. அங்கே வீடோ கல்லறையோ மரமோ கூடாது. வேர் சுவரைப் பிளந்துவிடும். மீறினால் 10,000 செஸ்டர்ஸ் அபராதம். கி.மு. 9இல் வந்த குவின்க்டியச் சட்டம், கால்வாயையோ குழாயையோ தொட்டியையோ தெரிந்தே துளைப்பவருக்கு 1,00,000 செஸ்டர்ஸ் விதித்தது. பழுதுபார்க்க மண், கல், மணல், மரம் தேவைப்பட்டால் பக்கத்து நிலத்திலிருந்து எடுக்கலாம். நேர்மையானவர் மதிப்பிட்ட விலையைக் கொடுக்க வேண்டும்.

தனியாருக்கு நீர் உரிமை பேரரசரின் கடிதத்தால்தான் கிடைக்கும். விண்ணப்பித்தவர் அந்தக் கடிதத்தை நீர்த் தலைவரிடம் கொண்டுவர வேண்டும். தலைவர் தாமதமின்றி அதை நிறைவேற்ற வேண்டும். அந்த உரிமை ஆளுக்கு உரியது, நிலத்துக்கு அன்று. வாரிசுக்கும் போகாது, நிலத்தை வாங்கியவருக்கும் போகாது. இதற்கெல்லாம் மேலாக, பொது நீரூற்றுகள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓட வேண்டும் என்பது தலைவரின் முதற்கடமை. நகருக்குள் 247 பங்கீட்டுத் தொட்டிகளும், மக்கள் குடம் நிரப்பிச் சென்ற 591 பொதுத் தொட்டிகளும் இருந்தன.

ஃபிரான்டினஸ் புதுச் சட்டம் எதையும் கேட்கவில்லை. இருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மறுநாள் குழு என்ன செய்ய வேண்டும் என்று முதல்நாளே எழுதிக் கொடுத்தார். அன்றன்று செய்ததை ஏட்டில் பதியவைத்தார். ஒப்பந்ததாரர் செய்ய வேண்டியது எது, சொந்தக் குழு செய்ய வேண்டியது எது என்று பிரித்தார். நீரை நிறுத்திச் செய்யும் பழுதுவேலையைக் கோடையில் தொடக் கூடாது, தேவை மிகுந்த காலம் அது. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ, எல்லாவற்றையும் முன்கூட்டித் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே கால்வாயில்தான் வேலை. வளைவுகளின் காரைப் பூச்சுக்குக் கடும் வெயிலும் ஆகாது, பனியும் ஆகாது. உடைந்த இடத்தில் ஈயத் தொட்டிப் பாலம் வைத்து நீரை விடாமல் ஓட்டலாம்.

அதுவரை தெளிந்த மார்சியா நீருடன் கலங்கிய ஆனியோ நீரையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்த நல்ல நீர் வெளுக்கவும் அழுக்குக் கழுவவும் வீணாவதை அவர் கண்டார். ஆகவே கால்வாய்களைப் பிரித்தார். மார்சியா முழுக்கக் குடிக்க. பழைய ஆனியோ தோட்டத்துக்கும் கீழான உபயோகங்களுக்கும். கலங்கலுக்குப் பேர்போன புதிய ஆனியோவின் தலைப்பை மலையில் மேலே, தெளிந்த ஏரிக்கு மாற்ற டிராஜன் ஏற்பாடு செய்தார்.

தண்டனையில் மட்டும் ஃபிரான்டினஸ் நிதானம் காட்டினார். நெடுநாள் கவனிப்பின்மையால் சட்டமே மறந்துபோனவர்களை எச்சரித்துத் திருத்தினார். அவர்கள் பெயர் வெளிவராமல் பார்த்துக்கொண்டார். ஆனால் பதவியின் நம்பிக்கையைக் காக்க யாருடைய மனம் நோக வேண்டியிருந்தாலும் தயங்கக் கூடாது என்று நூலின் கடைசியில் எழுதிவிட்டார்.

பிற்காலம்

ஃபிரான்டினஸ் கி.பி. 98இலும் 100இலும் மறுபடி கான்சல் ஆனார். 103ஐ ஒட்டி இறந்தார். அவர் வகித்த நிமித்தக் குருக்கள் பதவி பிளினிக்குப் போனது. அவருக்குப் பின் டிராஜன் கி.பி. 109இல் ஒரு கால்வாயையும், அலெக்சாண்டர் செவெரஸ் 226இல் கடைசிப் பெரிய கால்வாயையும் சேர்த்தார்கள். நீர்த் தலைமைப் பதவி பின்னர் தானியப் பங்கீட்டுப் பொறுப்போடு இணைக்கப்பட்டது. ரோம் கோத்திய மன்னர்களின் கையில் இருந்த 6ஆம் நூற்றாண்டிலும் கால்வாய்களுக்கென்று ஓர் அதிகாரி இருந்தார் என்பதை அமைச்சர் கசியோடோரஸின் ஏடுகள் காட்டுகின்றன. கி.பி. 537இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியப் படை கால்வாய்களைத் துண்டித்தது. இடைக்கால ரோமில் மக்கள் பெரும்பாலும் மறுபடியும் டைபர் ஆற்றங்கரைக்குக் குடத்தோடு வந்தார்கள். விர்கோ கால்வாயைப் போப்பாண்டவர்கள் செப்பனிட்டு மீட்டார்கள். ட்ரெவி நீரூற்றுக்கு நீர் தருவது அதன் வழிதான்.

பதவி மறைந்தாலும் கையேடு பிழைத்தது. மோன்டே கசீனோ மடத்தில் 12ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட ஒரு படியை 1429இல் அறிஞர் போஜ்ஜோ பிராச்சொலினி கண்டெடுத்தார். இன்றுள்ள எல்லாப் பதிப்புகளுக்கும் அதுவே மூலம். 1899இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அந்தக் கையெழுத்துப் படியின் நிழற்படத்தோடு வெளியிட்டவர் அமெரிக்க நீர்ப் பொறியாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷெல். குழாயில் ஓடும் நீரின் வேகத்தை அதன் அழுத்த வேறுபாட்டிலிருந்து கண்டறியும் வென்ச்சுரி அளவியை 1887இல் உருவாக்கியவரும் அவரே. ஃபிரான்டினஸின் கணக்கில் விடுபட்டுப் போயிருந்தது அந்த வேகம்தான்.